வீட்டில் மின்சார சைக்கிள்: கட்டுவதும் வேகம் கூட்டுவதும்

மின்சார சைக்கிள் கட்டுவதில் வண்டியை ஓட வைப்பது பெரிய வேலை இல்லை. கடையில் விற்கும் கிட்டில் வரும் மோட்டார் சக்கரத்தை மாட்டி, பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்து விடும் பெட்டியான கண்ட்ரோலரில் நிறம் பார்த்து வயர்களைச் செருகி, பேட்டரியை இணைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓடிவிடும். மறு வாரமே எல்லோருக்கும் வரும் ஆசை, இன்னும் கொஞ்சம் வேகம். ஆசையில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு நடக்கிறது. பெரிய பேட்டரியை முதலில் வாங்குகிறார்கள், பிரேக்கைக் கடைசியில் யோசிக்கிறார்கள். இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் இதற்கான எல்லை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் இருக்கிறது. விதி 2(யு)வின்படி மோட்டாரின் 30 நிமிட சக்தி (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) 0.25 கிலோவாட்டுக்குக் கீழும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழும் இருந்து, அதை விதியில் சொன்ன சோதனை நிறுவனம் சரிபார்த்து ஒப்புக்கொண்டால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பெடல் உதவியோடு ஓடும் சைக்கிள் என்றால் வேகம் 25ஐ எட்டும்போது மோட்டார் படிப்படியாகக் குறைந்து நின்றுவிட வேண்டும், மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்க வேண்டும். ஒழுங்கான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்க வேண்டும்.

இதைத் தாண்டினால் பதிவெண், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கேட்கும் மோட்டார் வாகனம் அது. வீட்டில் கட்டிய வண்டியை அப்படிப் பதிவு செய்ய நடைமுறையில் வழி இல்லை. யார் மேலாவது இடித்துவிட்டால் செலவு முழுக்க உங்கள் தலையில். இன்னொன்று, 1000 வாட் மோட்டாரைப் போட்டுவிட்டு, ஒரு சுவிட்ச் வைத்து வேகத்தை 25க்குக் குறைத்துக்கொண்டால் அது சட்டப்படி சைக்கிள் ஆகிவிடாது. மோட்டாரின் சக்தியும் கணக்கில் வருகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 750 வாட் வரை அனுமதி உண்டு, ஒரு வகைக்கு ஏறக்குறைய 45 கி.மீ. வேகம் வரை மோட்டார் உதவலாம். அந்த ஊர் வீடியோவைப் பார்த்து நம்மூர் சாலைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

ஆகவே சாலைக்கு 250 வாட்டுக்குக் கீழான வண்டி. வேக வண்டி வேண்டும் என்றால் தோப்புப் பாதை, சொந்த நிலம், அனுமதி வாங்கிய தனியார் வளாகம், அவ்வளவுதான். கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் 25 கி.மீ. வண்டிக்கும் அப்படியே பொருந்தும்.

வேகத்துக்கு என்ன விலை

காற்றின் தடையை வெல்ல வேண்டிய சக்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது வேகம் இரு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவர், ஆளும் வண்டியும் சேர்ந்து 110 கிலோ, சமதளம், எதிர்காற்று இல்லை என்று வைத்துக்கொள்வோம். 25 கி.மீ. வேகத்துக்குச் சக்கரத்தில் சுமார் 180 வாட் போதும். 45 கி.மீ.க்கு ஏறக்குறைய 800 வாட் வேண்டும். மோட்டாரிலும் கண்ட்ரோலரிலும் வீணாவதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1000 வாட். 48 வோல்ட் பேட்டரி என்றால் 20 ஆம்பியருக்கு மேல், அதுவும் தொடர்ந்து.

தூரமும் அடிபடும். 48 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் 480 வாட் மணி இருக்கிறது. மிதிக்காமலே 25இல் போனால் 50 கி.மீ. வரை இழுக்கும், 45இல் போனால் 20 கி.மீ. தாண்டியதும் படுத்துவிடும்.

நிற்கும் கணக்குதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை போக ஒரு நொடி, அதன்பின் நல்ல பிரேக் என்று கொண்டால் 25 கி.மீ. வேகத்தில் 12 மீட்டரில் நிற்கலாம். 45இல் 28 மீட்டர் வேண்டும். குறுக்கே நாய் பாயும்போது இந்த 16 மீட்டர் வித்தியாசம் புரியும்.

எந்த சைக்கிள்

இரும்பு ஃபிரேம், டிஸ்க் பிரேக் மாட்ட இடம், இரண்டு அங்குலம் அகல டயர் நுழையும் இடைவெளி. இந்த மூன்றும் இருந்தால் போதும், பிராண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கார்பன் ஃபிரேம் வேண்டவே வேண்டாம். தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளின் ஃபிரேம் உறுதியானதுதான், ஆனால் கம்பி பிரேக்கும் குரோம் பூசிய ரிம்மும் மழையில் சுத்தமாகப் பிடிக்காது. 25 கி.மீ.க்கே அது யோசிக்க வேண்டிய விஷயம்.

பழைய சைக்கிள் என்றால் கழுவித் துடைத்து, ஹேண்டில் குழாயும் ஃபிரேமும் சேரும் வெல்டிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் முடி மாதிரி கோடு ஓடினால் அந்த ஃபிரேமை விட்டுவிடுங்கள். வெல்டிங் பட்டறையில் ஒட்டிக் கொடுப்பார்கள், வேக வண்டிக்கு அந்த ஒட்டு உதவாது.

மோட்டார்

மூன்று வகை உண்டு. கியர் வைத்த ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவில் உட்காரும் மோட்டார்) சிறியது, மேடு ஏறும், உள்ளே நைலான் பல்சக்கரம் இருப்பதால் தொடர்ந்து சூடேற்றினால் தேயும். டைரக்ட் டிரைவ் ஹப் மோட்டாரில் தேய்வதற்கு பேரிங்கைத் தவிர எதுவும் இல்லை. ஐந்து கிலோவுக்கு மேல் எடை இருக்கும், ஆனால் வேக வண்டிக்கு அதுதான் சரி. பெடல் அச்சில் மாட்டும் மிட் டிரைவ், கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலைப்பாதைக்கு அருமை. ஆனால் முழு சக்தியும் செயின் வழியாகப் போவதால் செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். புதியவர் என்றால் பின் சக்கர ஹப் மோட்டாரில் ஆரம்பியுங்கள். முன் சக்கரத்தில் மாட்டுவது சுலபம், ஆனால் அலுமினிய ஃபோர்க்கின் கால் உடைந்தால் முகம் தரையில் போகும்.

வாங்கும்போது வாட் மட்டும் பார்க்காமல், சுற்று எண்ணிக்கையைக் கேளுங்கள். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.07 மீட்டர் போகும். 36 வோல்ட்டில் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும் மோட்டார், தூக்கி வைத்த நிலையில் 31 கி.மீ. காட்டும், ஆள் உட்கார்ந்தால் 25, 26. அதே மோட்டாருக்கு 48 வோல்ட் கொடுத்தால் ஆளோடு 33 முதல் 35 வரும். வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட், இழுவையைத் தீர்மானிப்பது ஆம்பியர். வேகம் கூட்டும் வேலை முழுவதும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

அச்சு: இங்கே கொஞ்சம் நிதானம்

சாதாரண சைக்கிளில் அச்சு சும்மா நிற்கிறது, சக்கரம்தான் சுற்றுகிறது. ஹப் மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது, அதே அளவு விசையோடு அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது அச்சின் இரு பக்கமும் சீவிவிட்ட தட்டைப் பகுதியும், அது உட்காரும் டிராப் அவுட் பள்ளமும் மட்டும்தான். மோட்டார் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், 10 மில்லிமீட்டர் அகலத்தில் விழும் விசை ஏறக்குறைய 5000 நியூட்டன், அதாவது அரை டன். சைக்கிள் செய்தவர்கள் இதற்காக அந்தப் பள்ளத்தை வெட்டவில்லை.

பள்ளம் விரிந்துவிட்டால் அச்சு சுழலும். அச்சின் ஓட்டை வழியே வரும் மோட்டார் வயர்கள் முறுக்கி அறுந்து, ஒன்றோடொன்று ஒட்டும். அந்த ஷார்ட்டில் மோட்டார் ஓடும்போதே இறுகிப் பிடிக்கலாம், சக்கரமே கழன்றும் வரலாம்.

இதற்கு மருந்து டார்க் ஆர்ம். ஒரு முனை அச்சின் தட்டைப் பகுதியைக் கவ்வும், மறு முனை ஃபிரேமோடு கட்டப்படும் கெட்டியான இரும்புத் தகடு. 250 வாட்டுக்கு இரும்பு ஃபிரேமில் ஒன்று போதும், அதற்கு மேல் இரு பக்கமும் போடுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் லேத் பட்டறையில் வெட்டித் தரச் சொல்லுங்கள். துளை அச்சில் ஆடாமல் உட்கார வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து லேசாக அசைந்தாலும் அந்தத் தகடு வேண்டாம்.

நட்டைப் போடுமுன் வாஷர் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். பல ஃபோர்க்குகளில் பள்ளத்தைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும். தட்டையான பெரிய வாஷர் அந்த விளிம்பின் மேல் ஏறி நிற்கும், நட்டு இறுகிய மாதிரியே தெரியும், அடியில் காற்று. பள்ளத்துக்குள் அடங்கும் சி வாஷர் போட்டால்தான் அச்சு நிஜமாக இறுகும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கிட்டின் தாளில் போட்ட அளவுக்கு இறுக்குங்கள், சாதாரணமாக 40 நியூட்டன் மீட்டர் பக்கம் இருக்கும். இறுக்கியதும் நட்டிலிருந்து ஃபிரேம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு நேர்கோடு இழுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

சக்கரமும் பிரேக்கும்

கிட்டில் வரும் சக்கரத்தை அப்படியே நம்ப வேண்டாம். தெரிந்த சைக்கிள் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து, எல்லா ஸ்போக் கம்பியும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்பியை விரலால் தட்டினால் ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும். நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். ரிம் இரட்டைச் சுவர் கொண்டதாக இருக்கட்டும்.

பிரேக்குக்கு 25 கி.மீ. வண்டியில் நல்ல வி பிரேக்கோ மெக்கானிக்கல் டிஸ்க்கோ போதும். வேக வண்டி என்றால் முன்னால் 180 மில்லிமீட்டர் டிஸ்க், முடிந்தால் ஹைட்ராலிக். புது பிரேக் பேடை உடனே நம்பக்கூடாது. மிதமான வேகத்தில் போய்ப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, இருபது முறை செய்தபின்தான் அது டிஸ்க்கோடு பழகும். பிரேக் லிவரில் மோட்டாரைத் துண்டிக்கும் கட் ஆஃப் சென்சார் கண்டிப்பாக வேண்டும். பல பேர் வயர் அதிகம் என்று இதை விட்டுவிடுகிறார்கள். த்ராட்டிலின் (கையால் வேகம் கொடுக்கும் ஆக்சிலரேட்டர்) கிரவுண்ட் வயர் அறுந்தால் சிக்னல் தானாக உச்சத்துக்கு ஏறும். நல்ல கண்ட்ரோலர் இதைப் பிழை என்று கண்டுகொண்டு நிறுத்தும், மலிவானது முழு வேகத்தில் பாயும். அந்த நொடியில் உங்களைக் காப்பாற்றுவது இந்த இரண்டு மெல்லிய வயர்கள்தான்.

பேட்டரி

செலவில் பாதி இதற்குப் போகும், போகட்டும். மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

லித்தியம் அயான் செல் ஒன்று சராசரியாக 3.6, 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. பத்து செல் வரிசையாக வந்தால் 36 வோல்ட் பேக், முழு சார்ஜில் 42. பதின்மூன்று என்றால் 48 வோல்ட், முழு சார்ஜில் 54.6. பதினான்கு என்றால் 52 வோல்ட், முழு சார்ஜில் 58.8. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 3.2 வோல்ட், பதினாறு சேர்ந்தால் 51.2. அதே திறனுக்கு எடை கூடும், ஆனால் சூட்டை நன்றாகத் தாங்கும். நம்மூர் வெயிலுக்கு, இடம் இருந்தால், என் ஓட்டு அதற்குத்தான்.

சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் 18650 என்ற உருளை வடிவ செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்து விற்பதைப் பார்க்கலாம். சுத்தப் பொய். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகளே 3500 பக்கம்தான் நிற்கின்றன. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்துச் செல் சேர்ப்பதும் டார்ச் லைட்டோடு நிற்கட்டும். வயதும் தேய்மானமும் வேறு வேறான செல்களைச் சேர்த்தால் பலவீனமானது முதலில் காலியாகி, மற்றவை அதைத் தலைகீழாக இழுக்கும்.

முதல் பேக்கை நீங்களே கட்டாதீர்கள். ஸ்பாட் வெல்டிங் செய்து தரும் நம்பிக்கையான ஆளிடம் வாங்குங்கள், வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். செல் எந்த மாடல், ஒரு செல் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும், பி.எம்.எஸ். (பேக்கைக் காக்கும், ஆபத்தென்றால் துண்டிக்கும் சர்க்யூட்) எத்தனை ஆம்பியர் தாங்கும். ஒரு செல் 8 ஆம்பியர் கொடுக்கும், இணையாக நான்கு இருக்கிறது என்றால் காகிதத்தில் 32. அதில் 20 ஆம்பியர் எடுத்தால் பேக் சூடாகாமல் நாள்படும். 30 எடுத்தால் ஓடும், ஆனால் ஆயுள் குறையும். பதில் சொல்லத் தயங்கும் கடையிலிருந்து கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வயரிங்

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். காருக்குப் போடும் சாதாரண பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்குத்தான். 48 வோல்ட்டில் அது உருகினாலும் உள்ளே தீப்பொறி தொடர்ந்து பிடிக்கலாம். 58 வோல்ட்டுக்கு மேல் டி.சி. என்று எழுதிய ஃபியூஸ் கேட்டு வாங்குங்கள், 20 ஆம்பியர் கண்ட்ரோலருக்கு 30 ஆம்பியர் சரி. வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் ஏ.சி. எம்.சி.பி.யை இங்கே கொண்டுவராதீர்கள்.

பேட்டரி வயர் தாமிரத்தில் 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ.). கனெக்டர் எக்ஸ்.டி. 60 போதும், அதிலும் உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த எக்ஸ்.டி. 90 எஸ் வாங்கினால் செருகும்போது 'பட்' என்று பொறி பறக்காது. வேலை செய்யும்போது மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எல்லாம் கழற்றி வையுங்கள். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள், அது மோதிரத்தின் வழியே ஷார்ட் ஆனால் விரல் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. கண்ட்ரோலருக்குள் நுழையும் ஒவ்வொரு வயரும் முதலில் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறட்டும், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு எரியாது. இழை மங்கலாகச் சிவந்து அப்படியே நின்றால் எங்கோ ஷார்ட், தேடுங்கள். தேறியபின் பல்பை எடுத்துவிட்டு, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து மெதுவாக த்ராட்டில் கொடுங்கள். மோட்டார் உதறினாலோ கரகரத்தாலோ மோட்டாரின் மூன்று தடிமனான வயர்களும், அது எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் வயர்களும் பொருந்தவில்லை என்று அர்த்தம். சத்தமில்லாமல் சுற்றி, ஒன்று ஒன்றரை ஆம்பியர் மட்டும் எடுத்தால் சரியாக இருக்கிறது.

அப்புறம் வேகம்

இந்த வண்டியை ஒரு மாதமாவது 25இல் ஓட்டுங்கள். எந்த நட்டு தளர்கிறது, எந்த வயர் உரசுகிறது என்பதெல்லாம் இந்த மாதத்தில் வெளியே வரும். அதற்குப் பிறகு வேகம் கூட்ட நினைத்தால் வரிசை இதுதான்: பிரேக், டயர், இரண்டாவது டார்க் ஆர்ம், பேட்டரி, கடைசியில் கண்ட்ரோலர். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டு ஏதாவது தகராறு வந்தால் காரணம் எதுவென்று தெரியாது.

வோல்ட் ஏற்றுமுன் கண்ட்ரோலரைத் திறந்து உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 63 வோல்ட் என்றால் 52 வோல்ட் பேக்கின் 58.8 அதற்கு ரொம்ப நெருக்கம், பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரமும் சேர்ந்தால் வெடிக்கலாம். 60க்கு மேல் போக 100 வோல்ட் கெப்பாசிட்டர் உள்ள கண்ட்ரோலர் வேண்டும். 72 வோல்ட் பேக் முழு சார்ஜில் 84 வோல்ட், வியர்த்த கைக்கு அது விளையாட்டு இல்லை. புதியவர்கள் 52ஓடு நிற்பது நல்லது.

இரண்டு குறுக்கு வழிகளை யாராவது சொல்லித் தருவார்கள். ஒன்று, கண்ட்ரோலரில் ஆம்பியரை அளக்கும் ஷண்ட் கம்பியில் ஈயம் வைத்து ஆம்பியரை ஏமாற்றுவது. எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அதன்பின் கண்ட்ரோலருக்கே தெரியாது. இன்னொன்று, இருக்கும் பேக்கோடு சின்ன பேக் ஒன்றை சீரிஸில் சேர்த்து வோல்ட் ஏற்றுவது. ஒரு பி.எம்.எஸ். துண்டிக்கும் நொடியில் மொத்த வோல்ட்டும் அதன் தலையில் விழும், அது செத்தால் பாதுகாப்பே இல்லாத பேட்டரி உங்கள் தொடைக்கு நடுவே இருக்கும். இரண்டையும் செய்யாதீர்கள். அதிக ஆம்பியர் வேண்டுமென்றால் அமைப்பை மாற்றக்கூடிய கண்ட்ரோலர் வாங்கி, ஐந்து ஐந்தாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஓட்டி, மோட்டார் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே அதைவிட அதிகம். சுற்றுக்கம்பியில் ஒரு வெப்ப சென்சார் ஒட்டி 100 டிகிரியில் நிறுத்தும்படி வைத்துவிட்டால் இந்தக் கவலை போகும்.

சோதனை ஓட்டத்துக்கு இருசக்கர வாகன ஹெல்மெட் போடுங்கள், சைக்கிள் ஹெல்மெட் போதாது. கையுறை, முழு ஷூ. காலையில், ஆள் இல்லாத இடத்தில், பக்கத்தில் துணைக்கு ஒருவர் இருக்கும்போது. முதலில் 30, நிறுத்திப் பார், 35, நிறுத்திப் பார். ஹேண்டில் லேசாக ஆடத் தொடங்கினால் அந்த ஃபிரேமின் எல்லை அதுதான்.

சார்ஜ் போடும்போது

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த இப்படிப்பட்ட தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரநிலையைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டு பேட்டரிக்கு அந்தச் சோதனை எதுவும் நடக்கவில்லை. அதனால் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள், வாசலை மறிக்கும் இடத்திலும் மாடிப்படி அடியிலும் போடாதீர்கள். சிமென்ட் தரை, சுற்றிலும் துணி, கட்டை இல்லாத இடம், ஆள் விழித்திருக்கும் நேரம்.

லித்தியம் அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. சித்திரை வெயிலில் ஓட்டி வந்த பேக் அதைத் தாண்டியிருக்கும், ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட்டு அப்புறம் போடுங்கள். சார்ஜரின் கடைசி வோல்ட் உங்கள் பேக்கோடு பொருந்துகிறதா என்று மல்டிமீட்டரில் ஒரு தடவை அளந்துவிடுங்கள், 52 வோல்ட் சார்ஜரின் முனை 48 வோல்ட் பேக்கிலும் அழகாக நுழையும். கீழே விழுந்த பேக், உப்பிய பேக், பழ எசன்ஸ் மாதிரி இனிப்பு வாடை வரும் பேக் மூன்றையும் சார்ஜ் போடாமல் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். தீப்பிடித்துவிட்டால் புகையை விழுங்காமல் ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட்டு 101க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். பவுடர் அடித்தால் சுடர் அடங்கும், செல் ஆறாதவரை மறுபடி பிடிக்கும்.

மாதம் ஒரு முறை அச்சு நட்டின் பெயின்ட் கோடு, ஸ்போக் இறுக்கம், பிரேக் பேடின் கனம், கனெக்டரில் கருகல், இந்த நான்கையும் பாருங்கள். கனெக்டரின் மஞ்சள் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் உள்ளே ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், ஐம்பது நூறு ரூபாய்தான்.